லாஸ் வேகாஸ், அப்பா அம்மாவோட, சூதாட்டம் இல்லாம: என்னென்ன பாக்கலாம்?

ஃபில்டர்காபி:
எல்லாருக்கும் வணக்கம். மார்ச் கடைசி வாரம் வேகாஸ் போறோம், டாலஸ்ல இருந்து ஃப்ளைட், மூணு ராத்திரி தங்கல். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயசு பையன், தஞ்சாவூர்ல இருந்து வந்திருக்கற எங்க அப்பா அம்மா. அப்பா பொதுப்பணித்துறையில இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவர், அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது. சூதாட்டமும் கிடையாது குடியும் கிடையாது. "அப்புறம் எதுக்குங்க வேகாஸ்"னு ஆரம்பிக்காதீங்க, டிக்கெட் போட்டாச்சு, கேன்சல் பண்ண முடியாது. கார் வாடகைக்கு எடுக்கறதா இருக்கோம். என்ன பாக்கலாம், எதை விடலாம், கொஞ்சம் சொல்லுங்களேன்.

பாலைவனப்பூனை:
அப்பா பொதுப்பணித்துறைன்னு சொன்னீங்களே, அப்ப முதல் நாள் காலைலயே ஹூவர் அணை. மத்ததெல்லாம் அப்புறம். ஸ்ட்ரிப்ல இருந்து (பெரிய கேசினோ ஹோட்டலெல்லாம் வரிசையா நிக்கற மெயின் ரோடு) முக்கா மணி நேரம் கூட ஆகாது.

நான் வேகாஸ் பக்கத்துல ஹெண்டர்சன்ல பல வருஷமா இருக்கேன், ஊர்ல இருந்து யார் வந்தாலும் கூட்டிட்டு போறது எங்க வீட்டு வேலைதான். என் கணக்கு சிம்பிள்: ஸ்ட்ரிப் ராத்திரிக்கு, பகல் முழுக்க ஊருக்கு வெளில. பகல்ல ஸ்ட்ரிப்ல நடந்தா வெறும் கான்கிரீட்டும் கட்டிட வேலையும் வெயிலும்தான், ராத்திரி போட்ட மேக்கப் காலைல கலைஞ்சு போன மாதிரி இருக்கும். ஆனா அதே பகல்ல ஊரை விட்டு அரை மணி நேரம் எந்தப் பக்கம் போனாலும் அசந்து போற மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கு. மார்ச் கடைசின்னா வெயிலும் தாங்கும். ஜூலைன்னா நானே வராதீங்கன்னு சொல்லிருப்பேன், 2024 ஜூலைல 120 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டுச்சு இங்க.

நெல்லைக்காரன்:
பூனை சொல்றது சரிதான், ஆனா ஸ்ட்ரிப்பை அப்படி ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். காசு குடுக்காம பாக்க நிறைய இருக்கு. பெல்லாஜியோ ஃபவுண்டன் (மத்தியானம் அரை மணிக்கு ஒரு தடவை, ராத்திரி பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, காத்து பலமா அடிச்சா கேன்சல் பண்ணிடுவாங்க), அதே ஹோட்டல் உள்ள பூந்தோட்டம், சீசனுக்கு சீசன் மாத்துவாங்க, லாபி கூரைல சிஹூலிங்கற கண்ணாடிக் கலைஞர் பண்ணின கண்ணாடிப் பூ ரெண்டாயிரம் தொங்குது. அம்மாவுக்கு அந்தத் தோட்டம் கண்டிப்பா பிடிக்கும். ஃபிளமிங்கோ ஹோட்டல் பின்னாடி நிஜ ஃபிளமிங்கோ பறவையே இருக்கு, அதுவும் ஃப்ரீ, பையனுக்கு ஆச்சு.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. தூரத்துல ஏமாந்துடாதீங்க. பக்கத்து ஹோட்டல் கை நீட்டினா தொடற மாதிரி தெரியும், ஆனா ஒவ்வொண்ணும் அவ்ளோ பெருசு, வாசல்ல இருந்து ரோட்டுக்கு வரவே பத்து நிமிஷம், அப்புறம் எஸ்கலேட்டர் ஏறி பாலம் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி... ஸ்ட்ரிப் மொத்தம் நாலு மைலுக்கு மேல. அம்மாவுக்கு வீல்சேர் வாடகைக்கு எடுத்துக்கோங்க, கூச்சமே வேண்டாம். இல்லன்னா டியூஸ் பஸ், 24 மணி நேரமும் ஓடும், ரெட்டை மாடி, பையன் மேல ஓடிப்போய் முன் சீட்டுல உக்காந்துக்குவான்.

சும்மா_ஒருத்தன்:
அப்புறம் எதுக்குங்க வேகாஸ் 😄

ஃபில்டர்காபி:
@சும்மா_ஒருத்தன் வருவீங்கன்னு தெரியும்!!

@பாலைவனப்பூனை அண்ணே, அப்பாகிட்ட ஹூவர் அணைன்னு சொன்ன உடனே மூஞ்சி மாறிப்போச்சு. மேட்டூரும் இதுவும் ஒரே காலம்னு சொல்றார், அப்படியா? அங்க போனா என்னென்ன பாக்கணும், வெறும் எட்டிப் பாத்துட்டு வர்றதா, உள்ளயும் விடுவாங்களா?

பாலைவனப்பூனை:
ஒரே காலம்தான், அப்பா சொன்னா தப்பாவா இருக்கும். மேட்டூர் 1925ல ஆரம்பிச்சு 1934ல முடிஞ்சுது, ஹூவர் 1931ல ஆரம்பிச்சு 1935 செப்டம்பர்ல ரூஸ்வெல்ட் வந்து திறந்து வச்சார். மேட்டூர் 214 அடி உயரம், இது 726 அடி. மேட்டூர் ஒரு மைல் நீளத்துக்கு படுத்துக் கிடக்கும், இது கருங்கல் மலை ரெண்டுக்கு நடுவுல வில்லு மாதிரி வளைச்சு சொருகி வச்சிருக்கு. அடில 660 அடி தடிமன், மேல ரோடு போற எடத்துல 45 அடிதான்.

உள்ள டூர் இருக்கு, பவர் பிளான்ட் வரைக்கும் லிஃப்ட்ல இறக்கி ஜெனரேட்டர் ஹாலைக் காட்டுவாங்க. மொத்தம் பதினேழு டர்பைன். அப்பாகிட்ட கான்கிரீட் சமாச்சாரம் கேளுங்க, அவருக்கே தெரிஞ்சிருக்கும்: அவ்ளோ கான்கிரீட்டை ஒரே மூச்சா கொட்டியிருந்தா அது சூடு ஆறவே நூறு வருஷத்துக்கு மேல ஆகும்னு கணக்குப் போட்டு, கட்டம் கட்டமா ஊத்தி ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ஒரு இஞ்சு பைப்பைப் பதிச்சு குளிர்ந்த தண்ணிய ஓட விட்டிருக்காங்க. அந்த பைப் மட்டும் 582 மைல். வேலை முடிஞ்சதும் பைப்புக்குள்ள சிமெண்ட் கலவைய ஏத்தி அடைச்சிட்டாங்க. கான்கிரீட்டுக்குள்ள தொழிலாளிங்க பொணம் இருக்குன்னு கதை விடுவாங்க, அது சுத்தப் பொய், கட்டம் கட்டமா ஊத்தறப்போ அதுக்கு வழியே இல்ல. ஆனா வேலைல செத்தவங்க 96 பேர்னு அரசாங்கக் கணக்கே சொல்லுது, மலைப் பாறைல கயித்துல தொங்கிக்கிட்டு வெடி வச்சவங்க, சுரங்கத்துல வேலை பாத்தவங்க.

நெவாடா பக்கம் ரெண்டு வெண்கலச் சிலை இருக்கும், றெக்கை வானத்தைப் பாத்து நேரா நிக்கும், 30 அடி. உடம்பு பூரா பச்சையும் கருப்பும் ஏறி மங்கிப் போயிருக்கும், கால் விரல் மட்டும் தங்கம் மாதிரி பளபளன்னு. தடவினா அதிர்ஷ்டமாம், சூதாட வர்றவனெல்லாம் தடவித் தடவி தேய்ச்சு வச்சிருக்கான். அது காலடில தரையில நட்சத்திர வரைபடம் பதிச்சிருக்காங்க, அணை திறந்த அன்னிக்கு ராத்திரி வானம் எப்படி இருந்துச்சோ அப்படி. நிறைய பேர் அதைப் பாக்காம மிதிச்சிட்டுப் போயிடறாங்க.

அப்புறம் பக்கத்துல பெரிய பாலம், 2010ல திறந்தது, ஆத்துக்கு மேல கிட்டத்தட்ட 900 அடி. அதுல நடைபாதை இருக்கு, அங்க இருந்துதான் அணை முழுசா தெரியும். படியும் உண்டு சாய்வுப் பாதையும் உண்டு, ஆனா அம்மாவுக்கு அது ஏத்தம், வேண்டாம். காத்து ஆளைத் தள்ளும், தொப்பிய கார்லயே வச்சிடுங்க.

யாழ்_டொராண்டோ:
அணையில இன்னொரு விசயம் இருக்கு. தண்ணி எடுக்கிற கோபுரம் நாலில ரெண்டில மணிக்கூடு வச்சிருக்கினம், ஒண்டு நெவாடா நேரம், மற்றது அரிசோனா நேரம். பாதி அணை ஒரு மாநிலம், மிச்சப் பாதி மற்ற மாநிலம். நடந்து போனாலே ஒரு மணித்தியாலம் கூடிப் போகும். பெடியனுக்குக் காட்டுங்கோ.

நெல்லைக்காரன்:
@யாழ்_டொராண்டோ அது குளிர்காலத்துல மட்டும்தான் அண்ணை. அரிசோனாக்காரன் கோடைக்கு நேரத்தை மாத்த மாட்டான், நெவாடா மாத்தும், அதனால மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கு அப்புறம் ரெண்டு கடிகாரமும் ஒரே மணிதான் காட்டும். இவங்க போறது கடைசி வாரம்.

யாழ்_டொராண்டோ:
ஓம், நாங்கள் போனது மார்கழியில. சரி அப்ப பெடியனுக்கு ஏன் ரெண்டு மணிக்கூடும் ஒரே நேரம் காட்டுது எண்டு கேட்டுப் பாருங்கோ, அதுவும் நல்ல கேள்விதான்.

பழைய டவுன்டவுனைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. ஃப்ரீமாண்ட் வீதிக்குப் போகாமல் வேகாஸ் பாத்தனான் எண்டு சொல்லேலாது. 1906ல தொடங்கின கோல்டன் கேட் ஹோட்டல் இப்பவும் அங்கதான் இருக்கு. வீதிக்கு மேல 90 அடி உயரத்தில கூரை போட்டு கூரை முழுக்க எல்ஈடி, பின்னேரம் இருட்டினாப் பிறகு மணிக்கொருக்கா ஷோ போகும், சனம் எல்லாம் ஒரேயடியா அண்ணாந்து பாக்கும். காசில்லை.

ராக்கெட்_ராணி:
ஃப்ரீமாண்ட் பெரியவங்களோட போறதுன்னா ஏழு ஏழரைக்குப் போயிட்டு எட்டரைக்கு கிளம்பிடுங்க. அதுக்கு மேல குடிச்சவங்க கூட்டம், அரைகுறை டிரஸ்ல ஃபோட்டோவுக்கு நிக்கறவங்க, சத்தம்னா அப்படி ஒரு சத்தம், பேசறது கேக்காது. எங்க மாமியார் "இதெல்லாம் என்னடி கருமம்"னு கேட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க, ஆனா எல்ஈடி கூரை ஆரம்பிச்ச உடனே அவங்கதான் மொதல்ல ஃபோனைத் தூக்கினாங்க.

ஸ்ட்ரிப்லயும் சரி இங்கயும் சரி இறகு வச்ச டிரஸ்ல நிக்கறவங்க, பொம்மை வேஷம் போட்டவங்க, "ஃப்ரீ சிடி"ன்னு கைல திணிக்கறவங்க, யாரும் ஃப்ரீ கிடையாது. தோள்ல கை போட்டு ஃபோட்டோ எடுத்த உடனே காசு கேப்பாங்க, பையன் கைய விடாதீங்க.

அங்க போறவங்க நியான் மியூசியத்தை சேத்துக்கோங்க. பழைய கேசினோ போர்டு எல்லாம் வெட்டவெளில நிறுத்தி வச்சிருக்காங்க. இந்த போர்டெல்லாம் முக்கால்வாசி கேசினோவுக்கு சொந்தம் இல்ல, போர்டு கம்பெனிகிட்ட இருந்து வாடகைக்கு எடுத்தது, கேசினோ மூடினாலோ பேரு மாத்தினாலோ போர்டு கம்பெனிக்கே திரும்பப் போயிடும், அவங்க ஒரு காலி மனைல போட்டு வச்சிருந்தாங்க, அதனாலதான் இவ்ளோ மிஞ்சியிருக்கு. இல்லன்னா இந்த ஊர்ல எதையும் விட்டு வைக்க மாட்டாங்க, இடிச்சுத் தள்ளிடுவாங்க. டிராபிகானாவை 2024 அக்டோபர்ல வாணவேடிக்கையெல்லாம் விட்டு வெடி வச்சு சாய்ச்சாங்க. மிராஜ் வாசல்ல எரிமலை பாக்கலாம்னு பழைய வீடியோ பாத்து போயிடாதீங்க, அது 2024 ஜூலைல மூடியாச்சு, எரிமலையும் இல்ல. நியான் மியூசியத்துக்கு இருட்டினதுக்கு அப்புறம் டிக்கெட் எடுங்க, முன்னாடியே எடுங்க.

ஃபில்டர்காபி:
ராணி அக்கா சூப்பர். பழைய லிஸ்ட்ல எல்லாம் எரிமலை இருந்துச்சு, நல்ல வேளை.
ஸ்ஃபியர் உள்ள போலாமா? டிக்கெட் விலை பாத்தா தலை சுத்துது. அஞ்சு பேருக்கு எடுத்தா ஊருக்கே ஒரு டிக்கெட் போடலாம் போல. பையன் கேசினோ வழியா நடக்கலாமா, போலீஸ் பிடிக்குமா? அம்மா கோவில் ஏதாவது இருக்கான்னு கேக்கறாங்க.

நெல்லைக்காரன்:
ஸ்ஃபியர் வெளில இருந்து பாத்தாலே போதும்னு நான் சொல்லுவேன். 366 அடி உயர உருண்டை, வெளிப்பக்கம் முழுக்க எல்ஈடி, ஒரு நிமிஷம் நிலா, அடுத்த நிமிஷம் கண்ணு முழிச்சு பாக்கற மாதிரி. ஹை ரோலர் ராட்டினத்துல ஏறினா (550 அடி, ஒரு சுத்துக்கு அரை மணி நேரம், கேபின் பெருசு, நின்னுட்டு போலாம், உக்காரவும் செய்யலாம்) ஸ்ஃபியரும் தெரியும் ஸ்ட்ரிப்பும் தெரியும், அஞ்சு பேருக்கும் சேத்து செலவும் கம்மி. ஸ்ஃபியர் உள்ள மேல் அடுக்கு சீட் ரொம்ப செங்குத்தா இருக்கும், அம்மா முட்டிக்கு சரி வராது.

பையன் கேசினோ வழியா நடந்து போலாம், நிக்கக் கூடாது. 21 வயசுக்குக் கீழ இருந்தா மெஷின் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தாலே செக்யூரிட்டி வந்து நகருங்கன்னு சொல்லுவார். லிஃப்ட்டுக்குப் போக கேசினோவைத் தாண்டித்தான் போகணும்னு வேணும்னே கட்டி வச்சிருக்கான். உள்ள சிகரெட் புகை இருக்கும். அது ஒத்துக்காதுன்னா பார்க் எம்ஜிஎம்ல ரூம் போடுங்க, ஸ்ட்ரிப்ல முழுசா புகை இல்லாத கேசினோ ஹோட்டல் அது.

ராக்கெட்_ராணி:
கோவிலுக்கு: சம்மர்லின் பக்கம் ஹிந்து டெம்பிள் இருக்கு, ரெட் ராக் மலைப் பக்கம் போற வழிதான், நேரம் பாத்துட்டுப் போங்க. ஆனா அம்மாவுக்கு ஒரு சர்ப்ரைஸ் வேணும்னா ஸ்ட்ரிப்லயே இருக்கு, சீசர்ஸ் பேலஸ் ஹோட்டல் வெளில பிரம்மா சன்னதி! தாய்லாந்துல வார்த்த நான்முகன் சிலை, நாலு பக்கமும் முகம், சுத்தி வந்து ஊதுபத்தி ஏத்தறாங்க, பூ பழம் வச்சிருப்பாங்க. பக்கத்துலயே ரோமாபுரி சிலைங்க, எதுத்தாப்ல போக்குவரத்து, நடுவுல ஊதுபத்தி வாசனை. தஞ்சாவூர் ஆளுக்கு கும்பகோணத்துல பிரம்மன் கோவில் தெரியாம இருக்காது, பிரம்மாவுக்குக் கோவிலே அபூர்வம்னு சொல்லி வளந்தவங்களைக் கொண்டுபோய் அங்க நிறுத்துங்க. சீட்டாட வந்தவங்க ஜெயிக்கணும்னு வேண்டிக்கறாங்களாம், தலையெழுத்தை எழுதறவர்கிட்டயே நேரா வந்து கேட்டா என்ன தப்பு 😀

சும்மா_ஒருத்தன்:
இது மட்டும் உண்மைன்னா நான் இப்பவே டிக்கெட் போடறேன்

டிரக்_டிரைவர்:
எல்லாரும் கிராண்ட் கேன்யனை மறந்துட்டீங்க. வேகாஸ் போயிட்டு கிராண்ட் கேன்யன் பாக்காம வர்றதா? வெஸ்ட் ரிம் (அந்தப் பள்ளத்தாக்கோட மேற்கு விளிம்பு) ரெண்டரை மணி நேரம்தான், கண்ணாடிப் பாலம் இருக்கு.

பாலைவனப்பூனை:
@டிரக்_டிரைவர் அண்ணே இதுல நான் ஒத்துக்க மாட்டேன். வெஸ்ட் ரிம் நேஷனல் பார்க் கிடையாது, வாலாபாய் பழங்குடி மக்களோட நிலம், பார்க் பாஸ் செல்லாது, தனி டிக்கெட், கண்ணாடிப் பாலத்துக்கு அதுக்கு மேல ஒரு டிக்கெட், அந்தப் பாலத்துல ஃபோனை எடுத்துட்டுப் போக ரொம்ப வருஷமா விடாம வச்சிருந்தாங்க, ஃபோட்டோ அவங்ககிட்டதான் வாங்க வேண்டியிருந்துச்சு. காசு அந்த மக்களுக்குப் போகுது, அதுல எனக்கு குறையே இல்ல. ஆனா படத்துல பாத்து மனசுல வச்சிருக்கற அந்த அடுக்கடுக்கான கேன்யன் தெற்கு ரிம்ல இருக்கு, அது வேகாஸ்ல இருந்து நாலரை மணி நேரம் ஒரு பக்கம். முட்டி வலி இருக்கற அம்மாவை ஒன்பது மணி நேரம் கார்ல உக்கார வச்சு ஒரே நாள்ல போயிட்டு வர்றதுக்கு பேரு சுத்திப் பாக்கறது இல்ல, தண்டனை. அது தனி ட்ரிப், ரிம்ல ஒரு ராத்திரி தங்கணும், காலைல சூரியன் எழும்பறப்போ பாக்கணும்.

டிரக்_டிரைவர்:
அடுத்த தடவைன்னு ஒண்ணு பெரியவங்களுக்கு வருமான்னு யோசிங்க தம்பி. விசா, இன்சூரன்ஸ், உடம்பு, எத்தனை இருக்கு. வெஸ்ட் ரிம்ல பஸ் வியூபாயிண்ட் வரைக்கும் கொண்டு போய் விடுது, கீழ கொலராடோ ஆறு நாலாயிரம் அடி பள்ளத்துல ஓடறது தெரியுது. நான் எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன், சந்தோஷமாத்தான் இருந்தாங்க.

பாலைவனப்பூனை:
நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. இவங்களுக்கு இன்னொரு நாள் கூட இருந்தா நானும் வெஸ்ட் ரிம் சொல்லுவேன். இருக்கறது மூணு ராத்திரி, அதுல ரெண்டு முழுப் பகல். அதுக்கு ரெட் ராக்கும் அணையும் போதும், ரெண்டுமே கார் வாசல்ல இருந்து பாக்கலாம்.

ரெட் ராக் கேன்யன்: ஸ்ட்ரிப்ல இருந்து அரை மணி நேரம். 13 மைல் ஒருவழி ரோடு, வழி நெடுக நிறுத்திப் பாக்கற எடம், அம்மா இறங்கவே வேண்டாம். அக்டோபர்ல இருந்து மே வரைக்கும் நேரம் குறிச்சு ரிசர்வேஷன் போட்டாத்தான் பகல்ல உள்ள விடுவாங்க, இப்பவே போடுங்க, மார்ச்ல சீக்கிரம் தீந்துடும். அங்க மலையைப் பாத்தீங்கன்னா செக்கச்செவேல்னு இருக்கற பாறைக்கு மேல சாம்பல் கலர் பாறை உக்காந்திருக்கும். மேல இருக்கற சாம்பல் சுண்ணாம்புப் பாறைதான் வயசுல மூத்தது, கீழ இருக்கற சிவப்பு மணல்பாறை இளசு. நியாயமா தலைகீழா இருக்கணும், பூமி நெருக்கி பழசைத் தூக்கிப் புதுசு மேல ஏத்திடுச்சு. சிவப்புக்குக் காரணம் இரும்புத் துரு. காட்டுக் கழுதை ரோட்டோரமா வரும், தீனி போடாதீங்க, அதுங்க ரோட்டுக்கு வந்து பழகி அடிபட்டு சாகுது.

வேலி ஆஃப் ஃபயர்னு ஒரு பார்க், இதை விட அழகு, ஒரு மணி நேர டிரைவ், பாறைல பழங்குடியினர் கொத்தின உருவமெல்லாம் இருக்கு, அட்லாட்டில் ராக்ல இரும்புப் படி ஏறணும், அது பையனுக்கும் அவன் அப்பாவுக்கும். நேரம் இருந்தா பாருங்க. கலர் கலரா கல்லு அடுக்கி வச்சிருக்கற செவன் மேஜிக் மவுண்டன்ஸ் பாக்க தனியா போகாதீங்க, ஃபோட்டோ எடுக்க பத்து நிமிஷம், அவ்ளோதான்.

ஃபில்டர்காபி:
சரி இதுதான் பிளான்: முதல் முழு நாள் அணை, சாயங்காலம் ரெஸ்ட், ராத்திரி பெல்லாஜியோ, பிரம்மா. ரெண்டாவது நாள் காலைல ரெட் ராக், கோவில், ராத்திரி நியான் மியூசியமும் ஃப்ரீமாண்ட்டும். டிரக் அண்ணே, கேன்யன் அப்பா அம்மா திரும்பிப் போறதுக்குள்ள தனியா ஒரு தடவை போயிடறோம், சத்தியமா.

அப்பா நேத்து ராத்திரி இந்த இழை முழுக்க படிச்சிட்டு ஒரு கேள்வி கேக்கச் சொன்னார், அவர் சொன்னபடியே போடறேன்: "பாலைவனத்துல இவ்வளவு ஃபவுண்டன், நீச்சல் குளம், புல்வெளி எல்லாம் வச்சிருக்கானே, தண்ணி எங்கிருந்து? அணைக்கு முழுக் கொள்ளளவு எத்தனை டிஎம்சி?"

பாலைவனப்பூனை:
ஐயா வணக்கம்! இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்துட்டு இருந்தேன்.

மேட்டூர் 93.47 டிஎம்சி. ஹூவர் அணை தேக்கி வச்சிருக்கற மீட் ஏரி முழுசா நிரம்பினா ஆயிரம் டிஎம்சிக்கு மேல. ஆனா அது நிரம்பி ரொம்ப வருஷம் ஆச்சு, முதல்ல ஏரி நிரம்பின காலத்துக்கு அப்புறம் என்னிக்கும் இல்லாத அளவுக்கு 2022ல இறங்கி, முழுகின படகெல்லாம் வெளில வந்துச்சு, டிரம்முக்குள்ள அடைச்சு வீசின பழைய பொணம் ஒண்ணு கூட வந்துச்சு. அணைக்கு மேல நின்னு பாத்தீங்கன்னா கரைப் பாறைல வெள்ளையா ஒரு பட்டை சுத்தி ஓடும், சுண்ணாம்பு படிஞ்சது, முன்னாடி தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு அதுவே காட்டும்.

இந்த அணை கட்டியிருக்கற கொலராடோ ஆத்துத் தண்ணிய ஏழு மாநிலமும் மெக்சிகோவும் பங்கு போடுது, மாநிலங்களுக்குள்ள 1922ல ஒப்பந்தம் போட்டாங்க. தண்ணி அதிகமா ஓடின வருஷக் கணக்கை வச்சு பங்கு பிரிச்சுட்டதால அன்னிலேருந்து சண்டைதான், காவிரி வழக்கு பாத்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இதுல நெவாடா பங்கு வருஷத்துக்கு 3 லட்சம் ஏக்கர் அடி, அதாவது 13 டிஎம்சி, அவ்ளோதான். கலிஃபோர்னியாவுக்கு 190க்கு மேல. வேகாஸ் குடிக்கற தண்ணில பத்துல ஒன்பது பங்கு இந்த ஏரிலருந்துதான். அந்தப் 13க்குள்ள இவ்ளோ பெரிய ஊர் எப்படி ஓடுதுன்னா, வீட்டுக்குள்ள, ஹோட்டலுக்குள்ள சாக்கடைல போற தண்ணி எல்லாத்தையும் சுத்திகரிச்சு திரும்ப ஏரிலயே விடறாங்க, விட்ட அளவு மறுபடி எடுத்துக்கலாம். அதனால குளியலறைல எவ்ளோ ஊத்தினாலும் கணக்குல நிக்காது, புல்லுக்கு விடறதுதான் நஷ்டம். அதான் ரோட்டு நடுவுல, ஆபீஸ் வாசல்ல அழகுக்கு வளக்கற புல்லை எடுத்துடணும்னு 2021ல சட்டமே போட்டாங்க. பெல்லாஜியோ ஃபவுண்டன் ஏரி தண்ணி இல்ல, அந்த எடத்துல முன்னாடி இருந்த கோல்ஃப் மைதானத்துக்காக தோண்டின கிணத்துத் தண்ணி.

ஃபில்டர்காபி:
அப்பா நோட்டு எடுத்து எழுதிட்டு இருக்கார்!! மேட்டூர் நீர்மட்டம் தினம் பேப்பர்ல வர்ற மாதிரி மீட் ஏரிக்கும் வருமான்னு கேக்கறார்.

பாலைவனப்பூனை:
பேப்பர்ல வேண்டாம் ஐயா, அணையை நடத்தற மத்திய அரசு ரெக்ளமேஷன் துறை வெப்சைட்லயே நீர்மட்டம் போடறாங்க, கடல் மட்டத்துல இருந்து எத்தனை அடின்னு இருக்கும், முழு அளவு 1,229 அடி. அணைக்குப் போற அன்னிக்குக் காலைல பாத்து வச்சுக்கோங்க, அப்புறம் ஒன்பது மணிக்குள்ள போய்ச் சேருங்க, செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்திப் பாப்பாங்க, பதினோரு மணிக்கு மேல டூர் பஸ் எல்லாம் வந்துடும்.

ராக்கெட்_ராணி:
ஒண்ணு விட்டுப் போச்சு. ரூம் விலையோட ரிசார்ட் ஃபீன்னு ஒரு தொகையும் சேத்துப் போடுவாங்க, புக் பண்றப்போ மொத்த விலையைப் பாருங்க. வெள்ளி சனி விலை ஏறிடும், ஞாயிறு போய் புதன் வாங்க. நிறைய ரூம்ல காபி மெஷின் இருக்காது, ஒரு சின்ன கெட்டில் பெட்டில போட்டுக்கோங்க, உங்க பேருக்கே அது அவமானம் இல்லாம இருக்கும். மினிபார்ல இருக்கற எதையும் பையன் சும்மா தூக்கிப் பாக்கக் கூடாது, அடில சென்சார் வச்சிருப்பான், தூக்கின உடனே பில்லுல ஏறிடும்.